ப்யன், ம்னா, பன்: ‘பெண்’ என்று பொருள்படும் ஐரிஷ் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரிஷ் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல் இது. ஒரே சொல்லுக்கு இத்தனை உருவமா என்று மலைத்துப் போய்க் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஐரிஷ் சொற்கள் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. ‘ப்யன்’, ‘பன்’ இரண்டிலும் முதலில் வரும் ப, ‘பஸ்’ என்னும்போது வரும் ப. ‘படம்’ என்னும்போது வருவது அல்ல.

எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ‘பீன்’னு வருது. இது பீன்ஸ் காயா, பெண்ணா?

பெண்தான். பி, இ, ஏ, என் என்ற நான்கு எழுத்துகளைப் பார்த்ததும் ஆங்கிலப் பழக்கத்தில் நாக்கு ‘பீன்’ என்று போகிறது. ஐரிஷில் அவரை வகைக்கு ‘போனரெ’ என்று வேறு சொல் இருக்கிறது. இந்த நான்கு எழுத்தையும் ‘ப்யன்’ என்று படிக்க வேண்டும்.

அந்த நடுவில் இருக்கும் ‘இ’ என்ற எழுத்து எதுக்கு? அதை உச்சரிக்கணுமா?

அதைத் தனி உயிராக உச்சரிப்பதில்லை. ஐரிஷில் ஏறக்குறைய எல்லா மெய்களுக்கும் இரண்டு வடிவம் உண்டு: நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்ப, யகரச் சாயலோடு வருவது ஒன்று, நாக்கு பின்வாங்கத் தடித்து வருவது இன்னொன்று. எழுத்தில் இதைக் காட்டத் தனிக் குறி இல்லை. பக்கத்தில் நிற்கும் உயிரெழுத்துதான் காட்டும். இங்கே ‘இ’ என்ற எழுத்து, முன்னால் உள்ள ப-வுக்கு யகரச் சாயல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உண்மையான உயிர் அடுத்து வரும் அகரம்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. யகரச் சாயலை விட்டு ‘பன்’ என்றால் அது ‘பெண்களுடைய’ என்ற வேற்றுமை வடிவம். அந்த அகரத்தை நீட்டிப் ‘பான்’ என்றால் ‘வெள்ளை’. மூன்றும் தனித்தனிச் சொற்கள். ட்யங்லன் என்னும் இணைய அகராதியில் மன்ஸ்டர், கான்னாக்ட், அல்ஸ்டர் ஆகிய மூன்று வட்டார ஒலிப்புகளும் பதிவாக இருக்கின்றன. கேட்டுப் பழகுவதே சரியான வழி.

‘ப்யன்’ என்றால் பெண்ணா, மனைவியா?

இரண்டும்தான். தமிழில் பெண்டு, பெண்டாட்டி என்று ஒரே வேர் இரண்டு பக்கமும் போவதுபோல. வெறுமனே நின்றால் ‘பெண்’. ‘என்’, ‘உன்’, ‘அவன்’ என்று உடைமைச் சொல் முன்னால் வந்தால் ‘மனைவி’. அதனால் ‘மொ வ்யன்’ என்றால் என் மனைவி (‘ப்யன்’ ஏன் ‘வ்யன்’ ஆகிறது என்பது பின்னால் வருகிறது). தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் துணை என்ற பொருளுள்ள சொல்லைச் சேர்த்து ‘ப்யன் ஹேலெ’ என்பார்கள். ஆணுக்குரிய ‘ஃப்யர்’ என்ற சொல்லும் இப்படியே ஆண், கணவன் இரண்டையும் குறிக்கும்.

சேர்க்கைகளில் இன்னும் விரியும். ‘ப்யன் ரியல்த’ என்றால் கன்னியாஸ்திரி. ஒழுங்குவிதிக்கு உட்பட்ட பெண் என்பது நேர்ப்பொருள். ‘ப்யன் க்லூனெ’ மருத்துவச்சி. ‘முழங்கால் பெண்’ என்று சொல்லுக்குச் சொல் பொருள். ‘ப்யன் அன் டீ’ வீட்டுக்காரம்மா. ஐரிஷ் பேசும் ஊர்களுக்குக் கோடைக்கால வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் தங்குகிற வீட்டின் அம்மாவை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

டப்ளின்ல கழிப்பறைக் கதவுல ‘எஃப்’ல தொடங்குற சொல் ஒன்று, ‘எம்’ல தொடங்குற சொல் ஒன்று. எதுக்குள்ள போறது?

ஆங்கிலத்தை நினைத்து எஃப் பெண்களுக்கு, எம் ஆண்களுக்கு என்று போனால் இரண்டு பேருமே தவறான கதவைத் திறப்பார்கள். ‘ஃபிர்’ என்றால் ஆண்கள், ‘ம்னா’ என்றால் பெண்கள். தமிழருக்கு இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு: ம்னா, மகளிர் இரண்டுக்கும் மகரமே முதல்.

ஒருமை ‘ப்யன்’, பன்மை ‘ம்னா’. ஒரு எழுத்துகூட ஒத்துப் போகலையே, எப்படி ஒரே சொல்லாகும்?

வெளித்தோற்றம்தான் வேறு, உள்ளே ஒரே வேர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஐரிஷில் எழுவாய் வடிவம் ‘பென்’. அதற்கும் முன்னே, ஐரிஷ் தனி மொழியாகப் பிரியாத காலத்தில், இந்தச் சொல்லின் சில வேற்றுமை வடிவங்களில் பகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவில் உயிர் இருந்தது, சிலவற்றில் இல்லை. உயிர் இல்லாத வடிவத்தில் ப், ன் இரண்டும் நேராக ஒட்டி ‘ப்னா’ என்று நின்றன. பின்னால் வரும் மூக்கொலி முன்னால் நிற்கும் பகரத்தையும் மூக்கொலியாக்கிவிட்டது: ப்னா, ம்னா ஆனது. தமிழில் கல் + மலை ‘கன்மலை’ ஆகிறதே, நாள் + மீன் ‘நாண்மீன்’ ஆகிறதே, அதே இழுப்பு.

இது ஊகம் மட்டுமல்ல. பிரான்சின் லார்சாக் பகுதியில் 1983-இல் கிடைத்த ஈயத் தகடு ஒன்றில், ஐரிஷுக்கு உறவான பழைய கௌல் மொழியில் மந்திரக் கட்டு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அதில் ‘பெண்களுடைய’ என்ற பொருளில் ‘ப்னனொம்’ என்ற சொல் வருகிறது. மகரமாக மாறாத ப்ன கூட்டு அதில் அப்படியே நிற்கிறது. ஐரிஷில் கரைந்துபோன படிநிலையைக் கண்ணால் காட்டும் தகடு அது.

சரி, மொத்தம் எத்தனை வடிவம் மனப்பாடம் பண்ணணும்?

மூன்றே மூன்று. ‘ப்யன்’: ஒருமை, ஆறாம் வேற்றுமை தவிர மற்ற இடங்களில். ‘ம்னா’: ஒருமை ஆறாம் வேற்றுமை (பெண்ணுடைய), பன்மை எழுவாய் (பெண்கள்). ‘பன்’: பன்மை ஆறாம் வேற்றுமை (பெண்களுடைய).

ஒரு கோட்டை வைத்துப் பாருங்கள். ‘கோத்த ந ம்னா’ என்றால் அந்தப் பெண்ணின் கோட்டு. ‘கோத்தீ ந மன்’ என்றால் அந்தப் பெண்களின் கோட்டுகள். ‘பன்’ எப்படி ‘மன்’ ஆனது என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது. ம்னா என்று எழுதும்போது கடைசி உயிரின் மேல் சாய்கோடு கட்டாயம். அதை விடுவது எழுத்துப்பிழை. புதிதாக எழுதுகிறவர்களிடம் மிகுதியாகக் காணும் பிழையும் அதுதான்.

எங்க ஆசிரியர் ‘ம்ரா’ன்னு சொல்றார். புத்தகத்துல னகரம் இருக்கே?

அவர் சொல்வதும் சரி. தெற்கே மன்ஸ்டரில் எழுதியபடியே ‘ம்னா’. மேற்கிலும் வடக்கிலும் மகரத்துக்குப் பின்னால் வரும் னகரம் ரகரமாக ஒலிக்கும். ஐரிஷுக்கு உறவான மாங்க்ஸ் மொழியில் பெண்கள் என்ற சொல்லை ரகரம் போட்டே எழுதுகிறார்கள். பேசும்போது ஏதாவது ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பது நல்லது. எழுதும்போது எல்லோருக்கும் னகரம்தான்.

‘ப்யன்’னு படிச்சேன். வாக்கியத்துல ‘வ்யன்’, ‘ம்யன்’னு வருது. இது வேற சொல்லா?

அதே சொல்தான். ஐரிஷில் முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் மெய் மாறும். மாற்றம் இரண்டு வகை. முதலாவது மென்மையாதல்: பகரம் வகரமாகும், எழுத்தில் பி-க்குப் பின்னால் ஓர் எச் சேரும். ‘அந்த’ என்ற சுட்டு பெண்பாற்சொல்லின் எழுவாய்க்கு முன் வந்தால் இது நடக்கும்: ‘அன் வ்யன்’, அந்தப் பெண். விளிக்கும்போதும் அப்படியே: ‘அ வ்யன் அன் டீ’, வீட்டுக்காரம்மா! பன்மையில் விளித்தால் ‘அ வ்னா’, பெண்களே!

இரண்டாவது மூக்கொலியாதல்: பகரம் மகரமாகும். இதைத் தமிழ் இலக்கணம் படித்தவர் உடனே பிடித்துக்கொள்வார். க-வுக்கு ங, த-வுக்கு ந, ப-வுக்கு ம என்று இன எழுத்துப் படித்திருக்கிறோம் அல்லவா? ஐரிஷிலும் பஸ்ஸின் ப-வுக்கு ம, டகரத்துக்கு நகரம், ககரத்துக்கு ஙகரம் என்றே மாறுகிறது. காரணமும் நமக்குப் புதிதல்ல. மிகப் பழைய காலத்தில் முன்னால் நின்ற சொல் மூக்கொலியில் முடிந்தது. அந்த ஒலி அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொண்டது. பின்னர் முன்சொல்லின் கடைசி அசை தேய்ந்து மறைந்தும் ஏறியது இறங்கவில்லை. புளி + காய் ‘புளியங்காய்’ ஆகும்போது மெல்லினம் வந்தாலும் வல்லினம் கூடவே நிற்கிறது. ஐரிஷில் மெல்லினம் வல்லினத்தின் ஒலியையே விழுங்கிவிடும். எழுத்தில் மட்டும் எம், பி இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். படிக்கும்போது எம் மட்டுமே ஒலிக்கும். அதனால்தான் ‘பெண்களின்’ என்பது ‘ந மன்’.

‘அந்தப் பெண்ணோடு’ என்பதற்கு மேற்கிலும் தெற்கிலும் ‘லேஷ் அன் ம்யன்’, வடக்கே ‘லேஷ் அன் வ்யன்’. இரண்டுமே பிழையல்ல. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால்தான் பிழை.

அவன் மனைவி, அவள் மனைவி, அவர்கள் மனைவி: மூன்றுக்கும் ஒரே ‘அ’தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் மெய்யை வைத்துத்தான். ‘அவனுடைய’, ‘அவளுடைய’, ‘அவர்களுடைய’ மூன்றும் எழுத்திலும் ஒலியிலும் ஒரே ‘அ’. வேறுபாடு முழுவதும் அடுத்த சொல்லின் தலையில் இருக்கிறது: ‘அ வ்யன்’ அவன் மனைவி, ‘அ ப்யன்’ அவள் மனைவி, ‘அ ம்யன்’ அவர்கள் மனைவி. முந்தைய கேள்வியில் சொன்ன மாற்றங்களை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

பழைய பாடநூல்களில் ‘அவள் மனைவி’ என்பது இலக்கணம் காட்ட மட்டும் வந்த எடுத்துக்காட்டு. 2015-ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பில் அயர்லாந்து மக்கள் ஒருபால் திருமணத்துக்கு ஒப்புதல் தந்தபின் அது அன்றாடப் பேச்சில் வரும் தொடர். யாருடைய மனைவி என்பதை ஒரு மெய்யொலி சொல்லிவிடுகிறது, கவனமாகச் சொல்லுங்கள்.

பழைய ஐரிஷில் ‘பென்’, தமிழில் ‘பெண்’. இரண்டும் ஒரே சொல்தானே?

இல்லை. எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது, ஆசையும் புரிகிறது. ஆனால் இரண்டு சொற்கள் உறவா என்று பார்க்க, இன்றைய உருவத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. பின்னோக்கிப் போகப் போக அவை நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். உறவான சொற்கள் நெருங்கும். இவை விலகுகின்றன.

ஐரிஷின் பகரம் முதலில் பகரமே அல்ல. ‘க்வ’ போன்ற ஒலி. மூலச்சொல் ‘க்வென்’ போல இருந்தது. அதே மூலத்திலிருந்து கிரேக்கத்தில் ‘குனே’ வந்தது. நாம் சொல்லும் கைனகாலஜிஸ்டில் இருப்பது அதுதான். ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் ‘குயீன்’, ரஷ்ய மொழியில் மனைவியைக் குறிக்கும் ‘ழெனா’, பாரசீகத்தின் ‘ஸன்’ (அதிலிருந்து வந்ததே அந்தப்புரத்தைக் குறிக்கும் ‘ஜனானா’), வேதமொழியின் ‘ஜனி’, ‘க்னா’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ‘க்வ’ ஐரிஷில் பகரமானது இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்த தற்செயல் அல்ல. வடமொழியில் ‘கோ’ என்னும் பசு ஐரிஷில் ‘போ’. ‘ஜீவ’ என்பது ‘ப்யோ’, உயிருள்ள. மூன்றிலும் ஒரே விதி.

தமிழ்ப் பக்கம் பாருங்கள். மலையாளத்தில் ‘பெண்ணு’, கன்னடத்தில் ‘ஹெண்ணு’. கன்னடத்தின் ஹகரம் முன்பு பகரமாக இருந்தது. பால் ‘ஹாலு’ ஆனதும் புலி ‘ஹுலி’ ஆனதும் அப்படித்தான். ஆகவே நம் பகரம் தொடக்கம் முதலே பகரம். சொல்லின் முடிவில் நிற்பதும் ணகரம், னகரம் அல்ல. இன்னொரு சான்றும் உண்டு: ஐரிஷும் வடமொழியும் லத்தீனும் பிரிந்து வந்த மூலமொழியில் பகரத்தில் (‘படம்’ என்னும்போது வரும் ப) தொடங்கிய சொற்களின் பகரத்தை ஐரிஷ் தொலைத்துவிட்டது. வடமொழியில் ‘பிதர்’, லத்தீனில் ‘பாத்தெர்’. ஐரிஷில் ‘அஹிர்’, தலை போய்விட்டது. ‘பெண்’ போன்ற ஒரு சொல் மூலத்திலிருந்து வந்திருந்தால் அயர்லாந்துக்குப் போய்ச் சேரும்போது ப அதில் மிஞ்சியிருக்காது. பகரம் இருப்பதே உறவு இல்லை என்பதற்குச் சாட்சி.

கால்டுவெல்லே அயர்லாந்தில் பிறந்தவராச்சே?

ஆமாம், 1814-இல் அயர்லாந்தின் வடக்கே பிறந்தவர்தான். 1856-இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியது. மொழிகளை ஒப்பிட ஓசை ஒற்றுமை போதாது, ஒழுங்கான ஒலிமாற்றமும் இலக்கணக் கட்டமைப்பும் வேண்டும் என்பதை அந்தத் துறையிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம். அவர் பிறந்த ஊர் இந்த இரண்டு சொற்களை உறவாக்காது.

பெண் பெண்பால், சரி. சிறுமியைக் குறிக்கும் ‘கலீன்’ ஆண்பால்னு போட்டிருக்கே, அச்சுப்பிழையா?

பிழையில்லை. தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. ஐரிஷில் பெரும்பாலும் சொல்லின் வடிவத்தைப் பொறுத்தது. ‘கலீன்’ சொல்லின் கடைசியில் இருப்பது சிறுமை காட்டும் ‘ஈன்’ என்னும் விகுதி. அந்த விகுதியுள்ள சொற்கள் பெரும்பாலும் ஆண்பால். விளைவு அடுத்து வரும் அடைமொழியில் தெரியும். சிறிய என்பது ‘ப்யக்’. பெண்பாலான ப்யன் பின்னால் அது மென்மையாகி ‘ப்யன் வ்யக்’. ஆண்பாலான கலீன் பின்னால் மாறாமல் ‘கலீன் ப்யக்’. ஆனால் அந்தச் சிறுமியைப் பதிலிப்பெயரால் சுட்டும்போது ‘அவள்’ என்றே சொல்வார்கள். இலக்கணப் பால் சொல்லுக்கு, அவள் என்பது ஆளுக்கு.

‘இரண்டு பெண்கள்’னு சொல்ல எண்ணுப்பெயரைப் போட்டேன், தப்புன்னாங்க. ஏன்?

ஆட்களை எண்ணத் தனி எண்ணுப்பெயர்கள் இருக்கின்றன. நம்முடைய இருவர், மூவர், நால்வர் மாதிரி. ‘பெர்ட்’ இருவர், ‘த்ரியூர்’ மூவர், ‘க்யஹ்ரர்’ நால்வர் என்று பத்துவரை போகும். பன்னிரண்டுக்கும் உண்டு, பதினொன்றுக்கு இல்லை. இவற்றுக்குப் பின்னால் பன்மை ஆறாம் வேற்றுமை வரும்: ‘த்ரியூர் பன்’, அதாவது பெண்களில் மூவர். ‘பெர்ட்’ மட்டும் அடுத்த சொல்லை மென்மையாக்கும்: ‘பெர்ட் வன்’. இங்கே ‘வ்யன்’ அல்ல, ‘வன்’. யகரம் நுழைந்தால் ஒருமையாகிவிடும்.

‘பான்ஷீ’ன்னு பேய்க்கதைகள்ல வருதே, அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

அது இந்தச் சொல்லேதான். ‘ப்யன் ஷீ’ ஆங்கிலத்தில் போய்ப் பான்ஷீ ஆனது. ‘ஷீ’ என்றால் மேடு. முன்னோர் எழுப்பிய மண்மேடுகளில் மறைவுலகத்தார் குடியிருக்கிறார்கள் என்பது பழைய நம்பிக்கை. ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ந்யூகிரேஞ்ச் கல்லறை மேடும் கதைகளில் அப்படி ஒரு குடியிருப்பு. ஆக, ப்யன் ஷீ என்றால் மேட்டுப் பெண். சில பழங்குடும்பங்களில் சாவு வரும்முன் அவள் அழுகுரல் கேட்கும் என்பார்கள். ‘அவள்’ என்பதற்கும் ஐரிஷில் ‘ஷீ’ என்ற அதே எழுத்துகள்தான். ‘பெண் அவள்’ என்று பிரித்துப் பொருள் கொள்ள வேண்டாம்.

உண்மையாகவே இழவு வீட்டில் பாடி அழுத பெண்களுக்கு வேறு பெயர்: ‘ப்யன் ஹீன்ட்யெ’. ஒப்பாரிக்காரி என்று மொழிபெயர்த்தால் சரியாக விழும்.

அரசி என்பதற்கு ‘பன்ரீன்’. முன்னால் இருக்கும் ‘பன்’ ஆறாம் வேற்றுமையா?

இல்லை, அது முன்னொட்டு. பல சொற்களின் முன்னால் சேர்ந்து ‘பெண்-’ என்று பொருள் தரும். இதில் வேடிக்கை, பின்பாதி பழைய ஐரிஷிலேயே ‘அரசி’தான். பெண்ணரசி என்கிறோமே, அதுபோல் பெண்மை இரண்டு முறை ஏறியிருக்கிறது. செவிலியரைக் குறிக்கும் ‘பனல்த்ர’ என்பதிலும் இந்த முன்னொட்டு உண்டு. இப்போது இருபாலருக்கும் பொதுவாக ‘அல்த்ர’ என்று சொல்வதும் பெருகிவிட்டது.

காவல்துறையில் 1959-இல் முதன்முதலாகச் சேர்ந்த பெண்களுக்கு ‘பன்’ சேர்த்துத் தனிப் பதவிப்பெயர் இருந்தது. 1990-இல் அது எடுக்கப்பட்டு எல்லோருக்கும் ஒரே பெயரானது. நல்ல மாற்றம்தான். தேவையான இடத்தில் மட்டும் பெண் என்று குறிக்க இன்னொரு வழியும் உண்டு: ஒருமை ஆறாம் வேற்றுமையைப் பின்னால் வைப்பது. ‘ஏரனஹ் ம்னா’ என்றால் அயர்லாந்துப் பெண்மணி.

பள்ளிக்கூடத்துல என் மகளோட டீச்சர் பேர் முன்னாடி ‘ப்யன் ஈ’ன்னு போட்டிருக்கு. அது பேரா, பட்டமா?

திருமதி என்பது போல. கணவர் குடும்பப்பெயர் ‘ஓ முரஹூ’ என்றால் மனைவி ‘ப்யன் ஈ வுரஹூ’: ஓ முரஹூவின் மனைவி. ‘ஈ’ என்பது ‘ஓ’-வின் ஆறாம் வேற்றுமை. அது அடுத்த மகரத்தை மென்மையாக்குகிறது. அதே குடும்பத்தில் பிறந்த மகள் ‘நீ வுரஹூ’. ஆகவே ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று விதமாகக் குடும்பப்பெயர் இருப்பதைப் பார்த்துப் படிவத்தில் திருத்திவிடாதீர்கள்.

சொல்லுக்கு நடுவுல பெரிய ‘பி’, அதுக்கு முன்னாடி சின்ன ‘எம்’. தட்டச்சுப் பிழையா?

சரியான எழுத்துமுறைதான். மூக்கொலியாதலில் சேரும் எம் விருந்தாளி. பெயரின் உண்மையான முதலெழுத்து பி. அதனால் பி-யே பெரிய எழுத்தில் நிற்கும். 1914-இல் டப்ளினில் தொடங்கிய பெண்கள் படை ‘குமன் ந மன்’ (பெண்களின் சங்கம்) பெயரில் இதைப் பார்க்கலாம். ஜனவரி 6 அன்று, கார்க், கெர்ரி பக்கம் வீட்டுவேலையை ஆண்களிடம் விட்டுப் பெண்கள் கூடிக் கொண்டாடும் ‘நொலிக் ந மன்’ (பெண்களின் கிறிஸ்துமஸ்) பெயரிலும் அதேதான். முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் அந்த எம் மட்டும் சின்னதாகவே இருக்க வேண்டும். சுவரொட்டி அடிக்கிறவர்கள் மென்பொருளின் ‘எல்லாம் பெரிய எழுத்து’ பொத்தானை அமுக்கினால் அது கெட்டுவிடும், கையால் திருத்துங்கள்.

‘ந ம்னா’ என்று மட்டும் ஓர் இடத்தில் இருந்தால், ‘அந்தப் பெண்கள்’ என்பதா, ‘அந்தப் பெண்ணுடைய’ என்பதா?

அந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே உருவம். முன்னால் வேறொரு பெயர்ச்சொல் ஒட்டி நின்றால் பெரும்பாலும் ‘பெண்ணுடைய’. வினைக்குப் பின் எழுவாய் இடத்தில் நின்றால் ‘பெண்கள்’. ஐரிஷில் வினையே வாக்கியத்தின் முதலில் வரும் என்பதால் வினையைத் தேடி, அதற்கு அடுத்த இடத்தைப் பாருங்கள். பழைய நூல்களில் ‘ம்னீ’ என்றும் ஒரு வடிவம் கண்ணில் படும். அது ‘பெண்ணுக்கு’, ‘பெண்ணிடம்’ என்ற பொருளுக்கிருந்த தனி வடிவம். இன்றைய தர இலக்கணத்தில் அந்த இடத்தில் ‘ப்யன்’ போதும்.

மோதிரத்தில் ‘என் மனைவிக்கு’ என்று ஐரிஷில் பொறிக்கணும். எழுத்துப் பிழை இல்லாம எப்படி?

‘டொ மொ வ்யன்’. டி-ஓ, எம்-ஓ, அதன்பின் பி-எச்-இ-ஏ-என். ‘என்’ என்ற சொல் மென்மையாக்கும் என்பதால் பி-க்குப் பின்னால் எச் கட்டாயம். பொறிப்பவர்கள் இடம் போதவில்லை என்று முதலில் விடுவது அதைத்தான். பழைய ஐரிஷ் எழுத்துருவில் வேண்டுமென்றால் எச் வராது. பி-யின் தலைமேல் ஒரு புள்ளி வரும். புள்ளியும் எச்சும் சேர்ந்து வந்தால் தவறு, இரண்டும் இல்லாவிட்டாலும் தவறு. வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சரிபார்த்தபின் உலோகத்தில் கை வைக்கச் சொல்லுங்கள்.